ரேடியோ பாட்டுப் போட்டி நமக்கா, ட்ரூப்ல பாடறவங்களுக்கா?

கேள்வி: எஃப்எம்ல பாட்டுத் திறமைத் தேடல்னு விளம்பரம் ஓடிட்டே இருக்கு. போன தடவ தங்கச்சி போனா, வந்தவங்கள்ல பாதிப்பேரு கச்சேரி பாடறவங்களாம். நெஜமாவே புதுசா பாடறவங்களுக்குத்தானா சார்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: மொத ரவுண்டுல யாரையும் தடுக்க மாட்டாங்கம்மா, ஏன்னா அவங்களுக்கு வேண்டியதே கூட்டம், ஸ்பான்சர் கடை வாசல்ல வரிசை நின்னாத்தான் விளம்பரக்காசு வரும். ஃபைனல் வேற கத. லைட் மியூசிக் ட்ரூப்ல பாடறவங்களுக்கு மைக்க எவ்ளோ தூரத்துல பிடிக்கணும், கரோக்கில நடுவுல வர்ற இசை (இன்டர்லூட்) முடிஞ்சு சரணத்த எங்க எடுக்கணும்னு எல்லாமே அத்துப்படி, வீட்ல பாடிட்டு வர்ற பொண்ணு அங்கதான் தடுமாறும். எஸ்எம்எஸ் ஓட்டு இருந்தா சொந்தக்காரங்க கூட்டம்தான் ஜட்ஜு! ரூல்ஸ்ல 'தொழில்முறைப் பாடகர்கள் கூடாது'னு இருக்கான்னு பாருங்க, இல்லன்னா எல்லாருக்கும்தான்னு அர்த்தம். முன்பணம் கேட்டா அப்படியே திரும்பி வந்துடுங்க.

ஆல் இந்தியா ரேடியோ கணக்கு வேற, அங்க ஆடிஷன், அதாவது குரல் தேர்வு. 1950கள்ல பி.வி. கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு மந்திரியா இருந்தப்ப இத கெடுபிடியாக்கினதுல, பெரிய வித்வான்களே முறைச்சுக்கிட்டாங்க. தேறினா பி கிரேடு, அப்புறம் பி ஹை, ஏ, டாப்னு ஏறணும். சினிமாப்பாட்டு மட்டும் தெரிஞ்சா போதாது, கர்நாடக சங்கீதமோ சினிமா சாராத மெல்லிசையோ முறையா கத்திருக்கணும். தங்கச்சிக்கு சின்ன வயசுன்னா, பக்கத்து ஸ்டேஷன்ல இளைஞர் நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்கறாங்களான்னு மொதல்ல விசாரிங்க.