நாகர்கோவில் டவுனில் இறங்கி ஒரு பகல்: எங்கே சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம்?

கோவை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சென்னையில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு குடும்பத்தோடு ரயிலேறி, காலை எட்டு மணி வாக்கில் நாகர்கோவிலில் இறங்குகிறார். அன்று இரவு ஒன்பதரைக்கு மேல் கோவைக்கு ரயில். இறங்கும் இடம் 'நாகர்கோவில் டவுன்', ஏறும் இடம் 'நாகர்கோவில் ஜங்ஷன்' என்று டிக்கெட்டில் இருப்பது அவருக்குக் குழப்பமாக இருக்கிறது. மூட்டு வலி உள்ள அம்மா, சைவம். மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் மீன் வேண்டும். வருவது ஞாயிறா திங்களா என்று இன்னும் முடிவாகவில்லை. "கன்னியாகுமரிக்கு ஓடிப்போய் வர வேண்டுமா, இல்லை டவுன் ஸ்டேஷன் பக்கத்திலேயே நாளைக் கழிக்கலாமா?" என்பது கேள்வி.

முதலில் ஸ்டேஷன். இரண்டும் வேறு வேறு. ஜங்ஷன் இருப்பது கோட்டாறு பக்கம். டவுன் ஸ்டேஷன் வடசேரிப் பக்கம். 1979-இல் திருவனந்தபுரம் பாதையும் 1981-இல் திருநெல்வேலிப் பாதையும் வந்தன. திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் போகிற ரயில் ஜங்ஷனுக்குள் நுழைந்தால் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டியாக வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் சில ரயில்கள் ஜங்ஷனைத் தொடாமல் டவுன் வழியாகப் போய்விடுகின்றன. என் சித்தப்பா ஒருமுறை ஜங்ஷனில் பெட்டியோடு உட்கார்ந்திருக்க, அவருடைய ரயில் டவுன் வழியாகக் கிளம்பிப் போய்விட்டது. டிக்கெட்டில் என்.ஜே.டி. என்றால் டவுன், என்.சி.ஜே. என்றால் ஜங்ஷன். ஆட்டோக்காரரிடம் வெறுமனே 'ரயில்வே ஸ்டேஷன்' என்று சொல்லாதீர்கள், அவர் கோட்டாற்றுக்குத்தான் விடுவார். மாலை நெரிசலில் ஊரைக் கடக்க அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஞாயிறா திங்களா? திங்கள் வாருங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். அந்த அரண்மனையைச் செருப்பில்லாமல் நடந்து பார்க்க வேண்டும். மரப்படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. மூட்டு வலி உள்ளவர் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார். கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த அந்தக் கறுப்புத் தரை இன்றும் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கிறது. அதை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். நீங்களும் பிள்ளைகளும் மட்டும் இன்னொரு முறை தக்கலைக்கு வந்து, ஒரு முழுக் காலையை அதற்குக் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையில் வேறு சிக்கல் இருக்கிறது. எங்கள் மேற்குக் கடற்கரையில் மீனவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். ஞாயிறன்று கோயிலுக்குப் போவார்கள், கடலுக்குப் போவதில்லை. அன்று உங்கள் இலைக்கு வருவது முந்தின நாள் மீன். சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் பலவும் அன்று அடைத்திருக்கும்.

கன்னியாகுமரியை இந்த முறை விட்டுவிடுங்கள். தூரம் இருபது கிலோமீட்டர்தான். ஆனால் படகு வரிசை, விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டுக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம் என்று போனால் பகல் முழுக்க வெயிலில் நிற்பதிலேயே கழிந்துவிடும். அம்மாவுக்கு அது வேண்டாம்.

சரி, எட்டு மணிக்கு இறங்கியாயிற்று. வடசேரி பேருந்து நிலையத்தைச் சுற்றி லாட்ஜுகள் உண்டு. பகலுக்கு ஓர் அறை எடுத்துப் பெட்டிகளை வைத்துவிட்டுக் குளித்துக் கிளம்புங்கள். மத்தியானம் அம்மா படுத்து எழவும் அது உதவும்.

காலைச் சாப்பாட்டுக்கு இட்லி தோசை கேட்காதீர்கள், அது கோவையிலேயே கிடைக்கும். இங்கே புட்டு, பயறு, பப்படம். பிள்ளைகளுக்குச் சாப்பிடும் முறையைச் சொல்லிக்கொடுங்கள். புட்டை உதிர்த்து, மேலே பயற்றை ஊற்றி, பப்படத்தை நொறுக்கிப் போட்டு, கடைசியில் ஒரு பழத்தையும் பிசைந்துகொள்ள வேண்டும். உப்பும் காரமும் இனிப்பும் ஒரே வாயில் வரும். ஆப்பமும் கடலைக்கறியும் இருந்தால் அம்மாவுக்கு அது மெதுவாக இருக்கும். எந்தக் கடை என்று கேட்பீர்கள். பெயர்ப்பலகையைப் பார்க்காமல் அடுப்பைப் பாருங்கள். புட்டுக்குடம் கொதித்துக்கொண்டிருந்து, குழலிலிருந்து உங்கள் தட்டுக்கு நேராகத் தள்ளிப் போட்டால் அங்கே உட்காருங்கள். பாத்திரத்தில் அடுக்கி மூடி வைத்த புட்டு ஒன்பது மணிக்கே வறண்டுவிடும்.

பிசைவதற்கு மட்டிப்பழம் கேளுங்கள். விரல் நீளம்தான் இருக்கும், தோல் மெல்லிசு, வாசனை தனி. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது. எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு முதன்முதலில் ஊட்டுகிற பழமும் பெரும்பாலும் இதுதான். வடசேரியில் கனகமூலம் சந்தை இருக்கிறது. பத்து நிமிடம் உள்ளே நடந்தால் மட்டி, செந்துளுவன், ஏத்தன், ரசகதலி எனக் குலைகுலையாகப் பார்க்கலாம். நீங்கள் நேந்திரம் என்று சொல்வதைத்தான் நாங்கள் ஏத்தன் என்கிறோம்.

ஒன்பதரைக்குள் நாகராஜா கோயிலுக்குப் போய்விடுங்கள். இந்தப் பக்கத்துக் கோயில்களில் பன்னிரண்டு மணிக்குள் நடை சாத்திவிடுவார்கள். அப்புறம் மாலைதான். அதனால் காலை முழுக்கக் கோயில், மத்தியானம் சோறும் உறக்கமும், மாலை கடற்கரை என்று பிரித்துக்கொண்டால்தான் இந்த ஊரில் ஒரு நாள் சரியாகப் போகும். ஊருக்குப் பெயர் கொடுத்த கோயில் இது. மூலவரான நாகராஜாவின் கருவறைக்குக் கல் கூரை கிடையாது, ஓலை வேய்ந்த கூரைதான். அதை ஆண்டுதோறும் புதிதாக வேய்வார்கள். பிரசாதம் கருவறைக்குள்ளிருந்து எடுக்கும் மண். ஆறு மாதம் கறுப்பாகவும் ஆறு மாதம் வெளுப்பாகவும் இருக்கும் என்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தூண்களைச் சுற்றி வாருங்கள். பார்சுவநாதர், மகாவீரர் உருவங்களைத் தேடச் சொல்லுங்கள். பதினாறாம் நூற்றாண்டு வரை சமணர் வழிபட்ட இடம் இது என்பதற்கு அந்தத் தூண்களே சாட்சி. ஆவணி ஞாயிறுகளில் மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள், நெரிசலில் அம்மாவால் நிற்க முடியாது.

அங்கிருந்து சுசீந்திரம் ஆறு கிலோமீட்டருக்குள். பத்தரைக்குள் போய்ச் சேர்ந்தால் தாராளமாகப் பார்க்கலாம். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், மேலே போர்த்த ஒரு துண்டு கையில் இருக்கட்டும். சிவன், திருமால், பிரமன் மூவரும் ஒன்றாக இருக்கும் தாணுமாலயன் கோயில். 18 அடி உயர அனுமாரைப் பார்த்துப் பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். நான் அதைவிட இசைத்தூண்கள் பக்கம்தான் அதிக நேரம் நிற்பேன். ஒரே கல்லில் செதுக்கிய சிறு தூண்கள், தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம். நீங்களாகத் தட்ட வேண்டாம். கோயிலில் இருப்பவர்களிடம் பணிவாகக் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். அம்மாவுக்குப் பிரகாரம் பெரும்பாலும் சமதரை. மெதுவாக நடக்கலாம், ஓய்வெடுக்க மண்டபங்கள் நிறைய.

பன்னிரண்டரைக்கு ஊருக்குத் திரும்பி மத்தியானச் சாப்பாடு. இதைத்தான் நீட்டிச் சொல்ல ஆசை.

சோறு என்றால் இங்கே சம்பாச் சோறும் உண்டு. சற்றுச் சிவந்த, பெரிய பருக்கை. கேட்டால் போடுவார்கள். மீன்குழம்பு அதோடுதான் சேரும், வெள்ளைச் சோற்றில் பாதி ருசி போய்விடும். சமையல் தேங்காய் எண்ணெயில்தான். பழக்கமில்லாதவர்களுக்கு முதல் வாயில் மணம் தூக்கலாகத் தெரியும், மூன்றாவது வாயில் பிடித்துப்போகும். மீன் பெயர்களும் இங்கே வேறு. உங்கள் மத்தி எங்களுக்குச் சாளை. வஞ்சிரம் என்றால் நெய்மீன். கானாங்கெளுத்தி அயிலை. நெத்திலி நெத்தோலி. விலை கூடிய நெய்மீன் வறுவலைத்தான் வெளியூர்க்காரர்கள் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் சாளைப் புளிமுளம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். புளியும் மிளகாயும் கெட்டியாகப் பிடித்து, சாற்றில் முக்காமல் மீனோடு ஒட்டிவரும் கறி. வேகவைத்த மரச்சீனிக்கிழங்கோடு (நீங்கள் மரவள்ளி என்பது) தேங்காய் அரைத்த மீன்கறியும் கிடைத்தால் சோற்றைக் குறைத்துக்கொண்டு அதைச் சாப்பிடுங்கள்.

அம்மா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அவியல் என்றாலே காய்கறி என்று நினைத்துவிடாதீர்கள். மாங்காய் போட்ட நெத்தோலி அவியல் எங்கள் வீடுகளில் சாதாரணம். மீன் சாப்பாடு போடும் கடையில் 'காய்கறி அவியலா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட, அம்மாவைத் தனிச் சைவக் கடைக்குக் கூட்டிப்போவதே நல்லது. உள்ளித் தீயல் (வறுத்த தேங்காய் அரைத்த வெங்காயக் குழம்பு), புளிசேரி (தேங்காய் அரைத்த மோர்க்குழம்பு), துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), இஞ்சிப் பச்சடி எல்லாம் இலையில் விழும் கடையாகப் பாருங்கள். தீயலுக்குத் தேங்காயைக் கருகாமல் கருஞ்சிவப்பாக வறுக்கத் தெரிந்த கை வேண்டும். அது நன்றாக இருந்தால் மற்றதும் நன்றாகத்தான் இருக்கும். விருந்துச் சாப்பாடு போடும் இடமாக அமைந்தால் பாயசத்தோடு போளியும் வரும். போளியைப் பிய்த்துப் பாயசத்தில் ஊறவிட்டுச் சாப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம், அம்மா தயங்காமல் செய்யட்டும். இரண்டு மணிக்கு மேல் போனால் கூட்டுக்கறிகள் தீர்ந்திருக்கும், ஒரு மணிக்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள்.

எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கிழக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த மாதங்களில் பெரிய மீன் குறையும், விலை ஏறும். வள்ளத்துக்காரர்கள் கொண்டுவரும் சாளையும் நெத்தோலியும் அப்போதும் உண்டு. முட்டையிடும் காலத்தில் மீனை விட்டுவைத்தால்தான் அடுத்த ஆண்டு எங்கள் கடலில் மீன் இருக்கும் என்பதால், அந்த நாட்களில் நெய்மீனைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள்.

மத்தியானம் எல்லோரும் கொஞ்சம் உறங்குங்கள். மூன்றரைக்கு வடசேரியிலேயே ஒரு நடை. பரதநாட்டிய மேடைகளில் பார்க்கும் சிவப்புக் கல் பதித்த நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், இவற்றைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. உங்கள் மகள் நடனம் கற்றால் அவள் கண்ணால் பார்க்க வேண்டிய இடம். வாங்காவிட்டாலும், கல் பதிக்கிற வேலையைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பக்கத்து ஒழுகினசேரி கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த இடம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

நாலரைக்குக் கார் வைத்துக்கொண்டு சங்குத்துறை கடற்கரை. கன்னியாகுமரியின் கூட்டம் இங்கே கிடையாது. மணலில் உட்காரலாம், கால் நனைக்கலாம். குளிக்கக் கூடாது. அலை இழுக்கும், பிள்ளைகள் கையை விடாதீர்கள். அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் வந்தால் கடற்கரைக்குப் பதில் தேரூர்க் குளத்துக்குப் போங்கள் என்பேன். சுசீந்திரம் பக்கத்தில்தான் இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த நீர்நிலை, வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும் இடம். காரை விட்டு இறங்காமலே அம்மாவும் பார்க்கலாம்.

திரும்பும் வழியில் டீக்கடை. ஏத்தம்பழ பஜ்ஜி சூடாக, கூடவே சுக்குக்காப்பி. நன்கு கனிந்து தோல் கறுக்கத் தொடங்கிய பழத்தில் போட்டால்தான் அது பஜ்ஜி. காய்வெட்டாக இருந்தால் மாவு ருசிதான் வரும். கோடையில் வந்து, காலையில் சாலையோரம் 'அக்கானி' என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் வண்டியை நிறுத்துங்கள். அது பதநீர்தான். வெயில் ஏறிவிட்டால் குடிக்க வேண்டாம்.

ஏழு மணிக்குக் கோட்டாறு வந்துவிடுங்கள், ஜங்ஷன் பக்கம்தான். சவேரியார் பேராலயத்தில் தேவசகாயம் பிள்ளையின் கல்லறை இருக்கிறது. நட்டாலத்தில் பிறந்து, 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியப் பொதுநிலையினரில், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர்களில், முதல் புனிதர். எந்த மதத்தவரும் உள்ளே போய் அமைதியாக உட்காரலாம். பகல் முழுக்க அலைந்த பிறகு அந்த அமைதி நன்றாக இருக்கும். நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3-இல் முடியும் திருவிழா நாட்களில் மட்டும் கோட்டாற்றுத் தெருக்களில் கார் நகராது. அப்போது ஜங்ஷனுக்கு இன்னும் சீக்கிரமாகக் கிளம்புங்கள்.

இரவுக்கு ஆப்பமோ தோசையோ பார்சல் போதும். கோட்டாற்றில் ஏத்தங்காய் வத்தல் வாங்குங்கள், நீங்கள் சிப்ஸ் என்பது. தேங்காய் எண்ணெயில் பொரித்ததுதானா என்று கேட்டு, ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்து, அதன் பிறகு எடை போடச் சொல்லுங்கள். முந்திரிக்கொத்தும் கொஞ்சம். சிறுபயறும் கருப்பட்டியும் சேர்ந்த பலகாரம், நாலைந்து நாள் கெடாது. மட்டிப்பழத்தைக் கடைசியாக வாங்குங்கள், நன்கு பழுத்ததும் பாதி பழுத்ததுமாக இரண்டு சீப்பு. தோல் மெல்லிசு, பையின் அடியில் போட்டால் கோவை சேருவதற்குள் நசுங்கிவிடும். பெர்த்துக்கு மேலே கொக்கியில் தனிப் பையாகத் தொங்கவிடுங்கள்.