ஜமக்காளமும் பூத்திரையும் ஒரே கூடத்தில்

கேள்வி: எங்கள் வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிறது. கூடம் 10-க்கு 12 அடி, சுவர் வெளிர் பச்சை. மாமியார் கொடுத்த பவானி ஜமக்காளத்தைத் திவானில் விரித்திருக்கிறேன். சிவப்பும் கறுப்புமாகப் பட்டைக் கோடு போட்டது. மகள் ஆசைப்பட்டு வாங்கிய ஜன்னல் திரையில் பளீர் வெள்ளையில் நீலமும் ரோஜா நிறமுமாகக் கையகலப் பூக்கள். என் கணவர் உடுத்தாமல் வைத்திருந்த கட்டம் போட்ட லுங்கிகளில் நான்கு திண்டு உறைகள் தைத்தேன். இரண்டு சிவப்புக் கட்டம், இரண்டு நீலக் கட்டம். அன்று வந்த நாத்தனார், "என்ன அண்ணி, துணிக்கடை மாதிரி இருக்கு" என்று சிரித்துவிட்டார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே நிறத்தில் செட்டாக வாங்கிவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, செட்டாக வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் துணிகளில் ஒன்றுகூடக் கெட்ட துணி இல்லை. அவற்றில் ஒன்று மட்டும் தவறான அறையில் இருக்கிறது.

நாளைக் காலையில் கூடத்தின் வாசலில் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உள்ளே பாருங்கள். லுங்கித் திண்டுகளின் சிறு கட்டங்கள் கரைந்து, ஒரே மங்கலான நிறமாகத் தெரியும். ஜமக்காளத்தின் பட்டைகளும் திரையின் பூக்களும் அப்போதும் கரையாமல் நிற்கும். கோடும் பூவும் சேரக்கூடாது என்று ஒரு விதியும் இல்லை. ஆனால் இங்கே இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால், எதை முதலில் பார்ப்பது என்று கண்ணுக்குப் புரியவில்லை. போதாக்குறைக்கு, திரையின் பளீர் வெள்ளை ஜமக்காளத்தின் அழுத்தமான சிவப்போடு ஒட்டாமல் தனித்து நிற்கிறது. பூக்கள் கட்டைவிரல் அகலத்தில், சந்தன நிறப் பின்னணியில் இருந்திருந்தால் நாத்தனார் சிரித்திருக்க மாட்டார்.

நிறங்களைச் சேர்க்கும் கணக்கு புடவை கட்டும் எவருக்கும் புதிதல்ல. பெரும்பகுதி உடல், அதைத் தாங்கும் கரை, நாலு பேர் பார்க்க ஒரு முந்தானை. மூன்றும் ஒரே அளவுக்கு வேலைப்பாடாக இருக்கும் புடவையை நாம் எடுப்பதில்லை. உங்கள் கூடத்துக்கு ஜமக்காளம்தான் முந்தானை. சுவரும் திரையும் உடல். ஆகவே அவை அடக்கமாக இருக்க வேண்டும். அரக்குச் சிவப்புக்குப் பச்சைக் கரை வைத்த பட்டு ஏன் எடுப்பாக இருக்கிறதோ, அதே காரணத்தால்தான் உங்கள் வெளிர் பச்சைச் சுவரும் இந்தச் சிவப்புக்குப் பொருந்துகிறது. எதிரெதிர் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். சுவரை மாற்ற நினைக்காதீர்கள்.

கட்டம் போட்ட துணியை நீங்கள் தேர்ந்ததை நான் பாராட்டுகிறேன். தறியில் நீளவாட்டில் ஓடும் சிவப்புப் பாவும் குறுக்கே ஓடும் கறுப்பு ஊடையும் சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் நடுவான மூன்றாவது நிறம் ஒன்று பிறக்கிறது. அதனால்தான் கட்டத்துணி எந்தக் கூட்டத்திலும் சண்டையில்லாமல் உட்கார்ந்துகொள்கிறது. சென்னைத் துறைமுகம் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன கட்டத்துணியை நைஜீரியாவின் கலபாரி மக்கள் தங்கள் சடங்குகளுக்குரிய துணியாகவே ஆக்கிக்கொண்டார்கள். நீங்கள் இருக்கும் காலடிப்பேட்டையும், 1717 முதல் 1720 வரை சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர்தான். காலெட்பேட்டை என்பதே நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. அந்த ஊரில் லுங்கித் திண்டுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

இனிச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சிவப்புக் கட்டத் திண்டுகள் இரண்டும் ஜமக்காளத்தின் மேலேயே இருக்கட்டும். பூத்திரையையும் நீலக் கட்டத் திண்டுகளையும் மகளின் அறைக்கு மாற்றி, அந்தப் பூவிலுள்ள நீலத்திலேயே பூவேலை இல்லாத படுக்கை விரிப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள். அவள் தேர்ந்தது வீணாகவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

கூடத்து ஜன்னலுக்கு மட்டும் சந்தன நிறத்தில் அடக்கமான புதுத் துணி வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போகும்போது, திண்டு உறைகளில் ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். நினைவிலுள்ள சிவப்பை நம்பித் துணி எடுத்தவர்கள் பலர் ஏமாந்திருக்கிறார்கள், நானும் அதில் ஒருத்தி. கடையின் மஞ்சள் விளக்கில் சந்தனமாகத் தெரிந்த துணி வீட்டு டியூப்லைட்டில் சாம்பலாகத் தெரியலாம் என்பதால், எடுத்த துணியைக் கடைவாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் ஒருமுறை விரித்துப் பார்ப்பதோடு, முடிந்தால் கால் மீட்டர் மட்டும் முதலில் வாங்கி இரவில் உங்கள் வீட்டு விளக்கிலும் பார்த்துவிடுங்கள். சந்தனத்திலும் சற்று அழுத்தமான நிறமே நல்லது. உங்கள் பக்கம் ஓடும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி வெளிர் துணியில் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

ஜன்னல் 4 அடி அகலம் என்று வைத்துக்கொண்டால், சுருக்கம் அழகாக விழ அதைப்போல் இரண்டு மடங்கு அகலம் தேவை. 48 அங்குலப் பன்னாவில், அதாவது துணியின் அகலத்தில், 5 அடி நீளத் திரைக்கு, மேல்கீழ் மடிப்பும் சேர்த்து 4 மீட்டர் போதும். பருத்தி சுருங்கும்; வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். ஜன்னல் கடலைப் பார்த்து, கிழக்கே இருந்தால், காலை வெயிலில் நிறம் வெளுக்காமல் இருக்க மலிவான வெள்ளைத் துணியை உள்துணியாகக் கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

திரையின் அடியில் 4 அங்குலத்துக்குச் சிவப்புக் கரை வைக்கலாம். அதற்காக மாமியாரின் ஜமக்காளத்தில் கத்திரி வைத்துவிடாதீர்கள். லுங்கியில் மிச்சத் துணி இருக்குமே, அதுவே போதும்.