மெழுகு பூசிய விளிம்பு – கடிதம்

அன்புள்ள அண்ணா,

இங்கிலாந்தில் ஒரு கல்லூரியில் பதினோரு வருடங்களாக வடிவமைப்பு கற்பிக்கிறேன். ஐந்து வருடங்களாக, சக்கரம் வைத்த பலகையில் ஏறி ஓட்டி விளையாடும் ஸ்கேட் பார்க்குகளைப் பற்றி ஆராய்ச்சி. நகரத்தில் பயன்படாமல் கிடந்த இடங்களை இளைஞர்கள் எப்படி மீட்டெடுத்தார்கள் என்பதுதான் பொருள். விளையாட்டுத்தனமான தலைப்புதான், மன்னிக்கவும். பதவி உயர்வுக்கான நேர்காணலில் "இதனால் மாணவர்களுக்கு என்ன பயன்?" என்று கேட்டார்கள், எனக்குப் பதில் வரவில்லை. வீட்டிலும் சிரிக்கிறார்கள். ஆஸ்பத்திரி வடிவமைப்பு மாதிரி வேறு பக்கம் திரும்பிவிடலாமா? நான் ஸ்கேட் ஓட்டியதே இல்லை, அதுவும் உறுத்துகிறது. என்ன படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம,

போன மாதம் லண்டன் போயிருந்தபோது தேம்ஸ் கரையில், குயின் எலிசபெத் ஹால் என்ற இசையரங்கத்துக்கு அடியில், ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்ததிலிருந்து அதே நினைப்பு. உங்கள் கடிதம் சரியாக அப்போது வந்தது.

முதலில் அந்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் ஒரு விஷயத்தை விடாமல் பிடித்திருக்கிறீர்கள், அதற்கு யாரிடம் எதற்கு மன்னிப்பு? லண்டனில் உள்ள பார்ட்லெட் கட்டடக்கலைப் பள்ளியின் பேராசிரியர் இயன் போர்டன் ஸ்கேட்போர்டையும் நகரத்தையும் சேர்த்துவைத்து 2001இல் ஒரு புத்தகம் எழுதினார், 2019இல் இன்னொன்று. லண்டனின் ஹார்ன்சர்ச் பகுதியில் 1978இல் கட்டிய ரோம் ஸ்கேட் பார்க்கை 2014இல் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள், ஐரோப்பாவிலேயே அப்படிச் சேர்ந்த முதல் ஸ்கேட் பார்க் அது. இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் குனிந்து நிற்கிறீர்கள். வீட்டில் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். என்ன படிப்பது என்பதை உங்கள் நூலகரிடம் கேளுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு இடத்தில். "பயன்படாமல் கிடந்த இடங்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, யாருக்குப் பயன்படாமல்?

குயின் எலிசபெத் ஹால் 1967இல் திறந்தது. அதன் அடியில் தூண்களும் சரிவுகளுமாக ஒரு நிழல். கட்டியவர்கள் ஸ்கேட்போர்டை மனதில் வைத்துக் கட்டவில்லை. எழுபதுகளில் பிள்ளைகள் பலகையோடு வந்தார்கள், அப்புறம் போகவே இல்லை. 2013இல் அங்கே கடைகளும் உணவகங்களும் கட்டத் திட்டம் வந்தது. ஸ்கேட் ஓட்டுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே ஹங்கர்ஃபோர்டு பாலத்தடியில் புது இடம் தருவதாகச் சொன்னார்கள்.

அப்போது நான் லண்டனில் வேலை பார்த்தேன், சாயங்காலம் நடந்து போவது அந்த வழியாகத்தான். எதிர்த்துக் கையெழுத்து வாங்க மேசை போட்டிருந்தார்கள். புது இடம்தான் தருகிறார்களே, உங்களைக் கேட்டுத்தானே கட்டுவார்கள், அப்புறம் என்ன குறை என்று அங்கே இருந்த பையனிடம் கேட்டேன். பதினேழு வயது இருக்கும், முழங்கையில் காயம் உலர்ந்து கறுத்திருந்தது. அவன் வாதாடவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு திட்டின் மேல் கையை வைக்கச் சொன்னான். கான்கிரீட் சொரசொரவென்று இருந்தது. பிறகு விளிம்பைத் தடவச் சொன்னான். விளிம்பு மட்டும் தேய்ந்த சோப்பு மாதிரி வழுவழுவென்று இருந்தது. பலகை வழுக்கிப் போவதற்காக மெழுகைப் பூசிப் பூசி, அதன் மேல் உலோகம் உரசி உரசி, கறுத்துப்போன விளிம்பு. "இதை எப்படித் தூக்கிக்கொண்டு போவார்கள்?" என்று கேட்டான்.

கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் நேர்காணலுக்கான பதில் அந்த விளிம்பில் இருந்தது, ம. வரைபடத்தை முடித்துக் கட்டிக் கொடுத்துவிட்டால் வேலை தீர்ந்தது என்றுதான் வடிவமைப்பு படிக்கிற நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்த இடத்தில் பாதியைத்தான் கட்டடக்கலைஞர் செய்தார், மீதியைச் செய்தவர்கள் அங்கே விழுந்து எழுந்தவர்கள். கலிபோர்னியாவில் எழுபதுகளின் வறட்சியில் வற்றிக் கிடந்த நீச்சல் குளங்களைப் பாருங்கள். தரையும் சுவரும் சேரும் வளைவு யாரோ தண்ணீருக்காகப் போட்டது, பையன்கள் அதில் ஏறி விளிம்பைத் தொட்டார்கள். பிறகு ஸ்கேட் பார்க் கட்ட வந்தவர்கள், தண்ணீரே விடப்போகாத பள்ளத்துக்கு நீச்சல் குளத்து ஓடுகளைப் பதித்தார்கள்! அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் பர்ன்சைடு பாலத்தடியில் 1990இல் அனுமதியே கேட்காமல் ஸ்கேட் ஓட்டுகிறவர்களே கான்கிரீட் குழைத்துக் கொட்டினார்கள், நகராட்சி பின்னால்தான் ஒப்புக்கொண்டது.

அதனால்தான் அந்தச் சொல்லை அடித்துவிடச் சொல்கிறேன், தலைப்பில், சுருக்கத்தில், எங்கே இருந்தாலும். "பயன்படாத இடம்" என்று நீங்கள் எழுதி வைத்தால், நாளை அங்கே கடை கட்ட வருகிறவர் அதே சொல்லை எடுத்துக்கொண்டுதான் வருவார், கேட்டால் உங்கள் கட்டுரையைக் காட்டுவார். இவ்வளவு நேசித்துச் செய்கிற வேலையில் இப்படி ஒரு அசட்டைக்கு எப்படி இடம் கொடுத்தீர்கள்?

ஸ்கேட் ஓட்டத் தெரியாதது ஒரு குறையே இல்லை. ஐந்து வருடத்தில் எத்தனை மாலை அங்கே போய் உட்கார்ந்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, உறுத்த வேண்டியது அது.

குயின் எலிசபெத் ஹால் இருக்கிற சவுத்பேங்க்கில் கடை கட்டும் அந்தத் திட்டத்தை 2014இல் கைவிட்டார்கள். வெகுநாள் அடைத்து வைத்திருந்த பகுதி ஒன்றையும் 2019இல் திறந்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை உங்கள் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். நோட்டுப் புத்தகம் பையிலேயே இருக்கட்டும், முதல் ஒரு மணி நேரம் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது நாலு மெழுகுவர்த்தி வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே யாராவது கேட்பார்கள்.