இத்தனை பேர் இருந்தும்

வணக்கம். அம்மா இறந்து எட்டு மாதமாகிறது. அப்பாவுக்கு 74 வயது. எங்களுடன்தான் இருக்கிறார். பேரப்பிள்ளைகள் சுற்றியே இருக்கிறார்கள், உறவினர்கள் தினமும் ஃபோன் செய்கிறார்கள். ஆனாலும் தூக்கமில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, உடம்பு வலிக்கிறது என்கிறார். இத்தனை பேர் இருந்தும் ஏன் இப்படி? வயதானால் இது சகஜம்தானா? மாத்திரை தேவைப்படுமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

சகஜம் இல்லை. முதுமை வேறு, மனச்சோர்வு வேறு. வயதானவர்களிடம் அது அழுகையாக வராமல் உடம்பு வலியாகவும் பசியின்மையாகவும் வருவதுண்டு. இரண்டு வாரம் நீடித்தாலே டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும். எட்டு மாதமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? மாத்திரையைப் பற்றி டாக்டரிடமே கேளுங்கள். ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்று அப்பா சொன்னால் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

என்னை உறுத்தியது ‘இத்தனை பேர் இருந்தும்’ என்ற வரி. தலைகளை எண்ணுகிறீர்கள். லோவெந்தால், ஹேவன் என்ற இருவர் சான்பிரான்சிஸ்கோ முதியவர்களைப் பற்றி 1968-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். துணையை இழந்தும் மனம்விட்டுப் பேச ஓர் ஆள் இருந்தவர்கள், துணை இருந்தும் அப்படி ஆள் இல்லாதவர்களைவிடத் தெம்பாக இருந்தார்கள். அந்த ஆள் யார் என்றால், ஆண்கள் அதிகமும் மனைவியைச் சொன்னார்கள். பெண்களுக்குப் பிள்ளை, தோழி என்று வேறு ஆட்கள் இருந்தார்கள். உங்கள் அப்பாவின் நிலைமை புரிகிறதா? யாரிடம் சொல்லி அழுவாரோ அவரே போய்விட்டார்.

மாமா இறந்தபின் என் அத்தையையும் வீட்டில் யாரும் தனியாக விடவில்லை. மாமா பேச்சை எடுத்தாலே “அழாதீங்க” என்று வாயடைப்பார்கள். ஒருநாள் அத்தையுடன் வேலை பார்த்த தோழி வந்தார். தண்ணீர் கொடுக்க உள்ளே போனேன். “எவ்வளவு கடன்னுகூடச் சொல்லாம போயிட்டார்டீ, கல்லுளிமங்கன்!” என்று அத்தை திட்டிக்கொண்டிருந்தார். “ஆரம்பத்திலிருந்தே அழுத்தக்காரர்தானே” என்று தோழி எடுத்துக்கொடுத்தார். என்னைப் பார்த்ததும் இருவரும் கப்சிப். செத்துப்போன மனுஷனைப் பிள்ளைகள் எதிரில் திட்ட முடியுமா? அத்தை அதனால் மட்டும் தேறிவிடவில்லை, மருந்தும் சாப்பிட்டார். ஆனால் தோழி வரும் நாளில் யாரும் சொல்லாமலே எழுந்து தலைவாரிக்கொள்வார்.

நீங்கள் பாசமான பிள்ளை, கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் பிள்ளைதான். ‘நானும் அப்பாவும் ஃபிரெண்ட்ஸ் மாதிரி’ என்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். உங்கள் எதிரில் அவர் அப்பாவாக இருந்தாக வேண்டும், எஸ்., அதுவே பெரிய வேலை. அவருடைய பழைய சிநேகிதர் யாராவது நடமாட்டத்தோடு இருக்கிறாரா என்று விசாரியுங்கள். கொண்டுபோய் விட்டுவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். திரும்பும் வழியில் ‘என்ன பேசினீங்க’ என்று மட்டும் கேட்காதீர்கள்.