உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு இரும்பைப் பிடிக்கும் மருந்து கொடுக்கலாமா?

பாகூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய நாட்டு நாய் 15 கிலோ எடை. ரத்தப் பரிசோதனையில் எர்லிக்கியா (உண்ணி பரப்பும் கிருமி) என்று வந்திருக்கிறது, ஈறு வெளிறிவிட்டது. கிருமி வளர இரும்பு வேண்டும், அந்த இரும்பை மருந்தால் பிடித்து வெளியேற்றினால் கிருமி பட்டினியில் செத்துவிடும் என்று படித்திருக்கிறார். தலசீமியா என்ற ரத்த நோய் உள்ள குழந்தைகளுக்கு, உடம்பில் தேங்கும் இரும்பை வெளியேற்றத் தரும் மாத்திரையை வாங்கிக் கொடுக்கலாமா என்பது கேள்வி.

வேண்டாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், வீட்டில் நாயும் வளர்க்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் படித்தது பொய் இல்லை. மனிதர்களைத் தாக்கும் எர்லிக்கியா வகை ஒன்றை ஆய்வகத்தில் செல்களுக்குள் வளர்த்து, இரும்பைப் பிடிக்கும் ஊசி மருந்தான டெஃபெராக்ஸமின் சேர்த்துப் பார்த்தபோது அதன் வளர்ச்சி அடங்கியது. ஆனால் அது கண்ணாடித் தட்டில் நடந்தது. உயிருள்ள உடம்பில் கணக்கு மாறும். மியூகர் வகைப் பூஞ்சை இதே டெஃபெராக்ஸமின் பிடித்து வைத்த இரும்பையே உண்டு வளரும். டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்கு அப்படித் தொற்று வந்திருக்கிறது. இரும்பைப் பிடிக்க மாத்திரையாக வரும் டெஃபெரிப்ரோன் சிலருக்கு வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். எர்லிக்கியா ஏற்கெனவே அந்த அணுக்களைக் குறைக்கிற நோய். இன்னொரு மாத்திரையான டெஃபெராசிராக்ஸ் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பாதிக்கலாம். நோயில் கிடக்கிற நாய்க்கு இந்தச் சுமை எதற்கு?

உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து டாக்சிசைக்ளின்தான். பொதுவாகக் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் தினமும், 28 நாள் தருவார்கள். இங்கே நான் அடிக்கடி பார்ப்பது இதற்கு நேர்மாறான விஷயம். ஈறு வெளிறியிருக்கிறதே என்று டாக்சிசைக்ளினோடு இரும்பு டானிக்கும் கேட்டு வாங்கிப் போகிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் குடலிலேயே ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும், மருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேராது. மருத்துவர் இரும்பு எழுதியிருந்தால் இரண்டுக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அதோடு, தொற்று நோயில் வரும் சோகையில் பெரும்பாலும் இரும்பு தீர்ந்துபோவதில்லை. கிருமிக்குக் கிடைக்காதபடி உடம்பே அதைப் பூட்டி வைத்துக்கொள்கிறது. கொக்கிப்புழுவோ உடம்பு பூராவும் உண்ணியோ பல வாரம் ரத்தம் குடித்திருந்தால்தான் உண்மையான இரும்புக் குறைவு வரும்.

நாய்களுக்கு இரும்பைப் பிடிக்கும் மருந்து உயிர் காக்கும் இடம் வேறு. அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எங்கள் தெருவில் ஒரு லேப்ரடார், கர்ப்பமாக இருந்த அந்த வீட்டு மருமகளுக்குச் சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை அட்டைகளைக் கடித்து விழுங்கிவிட்டது. நிறைய வாந்தி எடுத்தது, பிறகு எழுந்து நடமாடியது. "சரியாயிடுச்சுண்ணே" என்றார்கள். நான் விடவில்லை, உடனே மருத்துவரிடம் தூக்கிப் போகச் சொன்னேன். இரும்பு நஞ்சின் குணமே இதுதான். முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. அப்புறம் ஒரு நாள் வரைக்கும்கூடத் தேறிவிட்டது போலத் தோன்றும். அந்த நேரத்தில் இரும்பு கல்லீரலுக்குள் புகுந்துகொண்டிருக்கும்.

அந்தச் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மி.கி. இரும்பு இருக்கிறது. உங்கள் நாய் 15 மாத்திரை தின்றால் 900 மி.கி., அதாவது கிலோவுக்கு 60 மி.கி. கிலோவுக்கு 20 மி.கி.யைத் தாண்டினாலே வயிற்றுக் கோளாறு வரும், 60-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. கரித்தூள் கொடுத்துப் பயனில்லை, அது இரும்பைப் பிடிக்காது. உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அந்த உப்பே நாயைக் கொல்லலாம். முதல் 24 மணி நேரத்துக்குள் டெஃபெராக்ஸமின் ஏற்றினால்தான் நல்ல பலன். நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும், அதனால் வீட்டில் செய்யும் வேலை இல்லை. மருந்து இரும்பைக் கட்டி வெளியே கொண்டுவரும்போது சிறுநீர் செம்பழுப்பாகப் போகும். லேப்ரடாருக்கும் அப்படித்தான் போனது. வீட்டார் ரத்தம் என்று பயந்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டது.

பலமுறை ரத்தம் ஏற்றிய நாய்களுக்கு உடம்பில் இரும்பு தேங்கினால் அபூர்வமாக இரும்பைப் பிடிக்கும் மாத்திரைகளைத் தருவது உண்டு. உங்கள் நாய் அந்த நிலையில் இல்லை.

புதுச்சேரிப் பக்கம் என்றால் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. டெஃபெராக்ஸமின் ஊசி மனிதர்களுக்கான மருந்து, கால்நடை மருந்துக் கடையில் தேடி அலையாதீர்கள். மருத்துவர் எழுதித் தந்ததும் தலசீமியா மருந்து வைத்திருக்கும் கடைகளுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். நாய் மாத்திரையை விழுங்கியிருந்தால் கடித்த அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மாத்திரை, ஒவ்வொன்றிலும் எவ்வளவு இரும்பு என்று மருத்துவர் அதைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்.