ஸ்டார் வார்ஸ் படங்களுக்கு முன்கூட்டியே வரும் விமர்சனங்களைப் பார்த்து ரசிகர்கள் ஏன் இவ்வளவு கொந்தளிக்கிறார்கள்? நீங்கள் அவற்றைப் படிப்பதுண்டா?

படிப்பேன். ஒவ்வொரு முறையும் இந்தத் தடவை படிக்கக் கூடாது என்று முடிவெடுப்பேன், அப்புறம் படிப்பேன்.

முதலில் இந்த "முன்கூட்டியே" எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர்ப் படம் என்றால் முதல் காட்சி இடைவேளையிலேயே "முதல் பாதி தீ" என்று செய்தி வந்துவிடும். படம் விட்டதும் வாசலில் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஹாலிவுட்டின் பெரிய படங்களுக்குக் கதை வேறு. சில நாட்கள் முன்பே விமர்சகர்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டு, இன்ன தேதி இன்ன மணி வரை வாயைத் திறக்கக் கூடாது என்று ஒப்புதல் வாங்கிக்கொள்வார்கள். எம்பார்கோ என்பார்கள். அந்த மணி அடித்ததும் நூறு விமர்சனம் ஒன்றாகக் கொட்டும். பிளஸ் டூ ரிசல்ட் வருகிற காலை மாதிரிதான் இருக்கும். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தபடி உட்கார்ந்திருப்போம்.

அதற்கும் முன்னால் ஒரு குட்டி ரிசல்ட் உண்டு. பிரீமியர் முடிந்த இரவே, அழைப்பின் பேரில் வந்தவர்கள் ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) இரண்டு வரி எழுதலாம், கதையை மட்டும் சொல்லக் கூடாது. பந்தியில் உட்கார்ந்துகொண்டே, பரிமாறுகிறவர் காதுபட சாம்பாரைக் குறை சொல்ல யாருக்கு மனது வரும்? அந்த வரிகளை நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். 2017, தி லாஸ்ட் ஜெடாய். டிசம்பர் 9 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் பிரீமியர். 12ஆம் தேதி செவ்வாய்க்கிழமை எம்பார்கோ முடிந்தது, நம்ம நேரத்துக்கு இரவு பத்தரை. வீட்டில் எல்லோரும் தூங்கியாயிற்று. போர்வைக்குள் ஃபோன் வெளிச்சம். கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்த நாங்கள் நான்கு பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதில் ஒருவனுக்கு மாஸ்டர் என்று பெயர். ஸ்டார் வார்ஸில் குருவாக வரும் மாஸ்டர் யோடா மாதிரி விடுதியில் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு ஆங்கிலம் பேசுவான், அதனால் வந்த பெயர். (தமிழில் யோடா எடுபடமாட்டார். வினைச்சொல்லைக் கடைசியில் வைப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். நம்ம ஊர் ஆள் பேசுகிற மாதிரியே இருக்கும்.)

விமர்சனங்களைத் திரட்டிச் சதவீதம் போடும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் எண் வந்தது, தொண்ணூறுக்கு மேல். மாஸ்டர் வரிசையாகப் பட்டாசு எமோஜி போட்டான். "தைரியமான படம்", "எதிர்பார்த்ததை எல்லாம் தலைகீழாக்குகிறது" என்கிற ரீதியில் விமர்சகர்கள் எழுதியிருந்ததைப் படம் பிடித்துப் படம் பிடித்துக் குழுவில் போட்டான். நாங்களும் துள்ளினோம்.

அந்தப் பாராட்டை நாங்கள் சரியாகப் படித்திருந்தால் அன்றே புரிந்திருக்க வேண்டும். எதிர்பார்த்ததைத் தலைகீழாக்கும் படம் என்றால், யார் எதிர்பார்த்ததை? எங்களுடையதைத்தான். புது நாயகி ரேயின் பெற்றோர் யார், வில்லன் ஸ்னோக் யார் என்று இரண்டு வருடம் ஆளுக்கொரு கதை எழுதி வைத்திருந்தோம். மாஸ்டரிடம் ஸ்னோக்கைப் பற்றி மட்டும் மூன்று கொள்கைகள் இருந்தன. படத்தில் ரேயின் பெற்றோர் யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்னோக் யார் என்று சொல்லாமலே பாதியில் கொன்றுவிட்டார்கள். வாரத்துக்கு நூறு படம் பார்க்கிற விமர்சகனுக்கு அது புத்துணர்ச்சி. எங்களுக்கு, இரண்டு வருட உழைப்பு குப்பைக்குப் போனது.

வெள்ளிக்கிழமை இரவுக் காட்சி. ரே நீட்டும் லைட்சேபர் என்ற ஒளிவாளைப் பழைய நாயகன் லூக் வாங்கிப் பார்த்துவிட்டுத் தோளுக்குப் பின்னால் தூக்கி எறிகிறாரே, அந்த இடம். முந்தைய படம் முடிந்ததே அவர் அதை வாங்குவாரா என்ற கேள்வியில்தான். அரங்கில் பாதிப் பேர் சிரித்தார்கள். பக்கத்தில் மாஸ்டரின் கை பாப்கார்னோடு வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அதைத் திரும்ப டப்பாவிலேயே போட்டான். எனக்குப் படம் பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கும். ஆனால் அந்தக் கையைப் பார்த்த பிறகு வெளியே வந்து அதைச் சத்தமாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த சில நாட்களில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே தளத்தில் விமர்சகர் கணக்கு தொண்ணூறுக்கு மேலேயே நிற்க, பார்வையாளர் கணக்கு சரிந்து ஐம்பதுக்கும் கீழே போனது. படத்தைத் தொடரிலிருந்தே நீக்க வேண்டும் என்று இணையத்தில் மனு போட்டார்கள், லட்சம் பேருக்கு மேல் கையெழுத்து வந்தது. விமர்சகர்கள் காசு வாங்கிவிட்டார்கள் என்பது ஒரு கட்சி. மதிப்பெண்ணைக் கும்பலாகச் சேர்ந்து இறக்குகிறார்கள் என்பது இன்னொரு கட்சி. தியேட்டரில் முதல் நாள் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் கேட்டு கிரேடு போடும் சினிமாஸ்கோரில் அதே படத்துக்கு ஏ கிடைத்திருந்தது. இதை மாஸ்டரிடம் சொன்னேன். "அவங்க ரசிகர்கள் இல்லடா, சும்மா படம் பார்க்க வந்தவங்க" என்றான். குழுவிலிருந்து அன்று விலகிப் போனவன் பொங்கலுக்குத்தான் திரும்பி வந்தான்.

இந்த எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பாதிச் சண்டை இதனால்தான் வருகிறது. அந்தத் தளத்தில் விமர்சகர் சதவீதத்தைக் காட்டும் டொமேட்டோமீட்டர் என்பது படத்துக்குப் போட்ட மார்க் கிடையாது, பள்ளிக்கூடத்தின் தேர்ச்சி விகிதம் மாதிரி. "நூறு சதவீதம் தேர்ச்சி" என்று பள்ளி வாசலில் பேனர் கட்டுவார்களே, அதில் எல்லோரும் முப்பத்தைந்து மார்க் வாங்கியிருந்தாலும் அதே பேனர்தான். படம் "பரவாயில்லை, பார்க்கலாம்" என்று எழுதிய விமர்சகரும், காலத்தால் அழியாதது என்று எழுதியவரும் அங்கே ஒரே ஒரு பாஸ். தொண்ணூறு என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் குறை பெரிதாகத் தோன்றவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அந்த இரவில் துள்ளினேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ் சமயத்தில் வேறு விதமான கூத்து. அமெரிக்காவில் 2015 டிசம்பர் 18. இந்தியாவில் அந்த வாரம் தில்வாலே, பாஜிராவ் மஸ்தானி இரண்டும் வந்ததில், இது 25ஆம் தேதிதான் வந்தது. உலகமே பார்த்துவிட்ட படத்துக்காக ஒரு வாரம் கண்ணையும் காதையும் பொத்திக்கொண்டு திரிந்தேன். ஃபேஸ்புக்கை அழித்தேன். விமர்சனங்களில் முதல் பத்தி மட்டும் படித்தேன். கடைசியில் அலுவலக லிஃப்டில், ஸ்டார் வார்ஸே பார்க்காத ஒரு புண்ணியவான், "ஹான் சோலோ செத்துட்டாராமே, உங்களுக்கு வருத்தமா இருக்குமே" என்று துக்கம் விசாரித்தார். (சோலோ முதல் படத்திலிருந்தே இருக்கும் நாயகர்களில் ஒருவர்.) நல்ல மனுஷன், உண்மையாகவே ஆறுதல் சொல்லத்தான் வந்தார்.

அந்தப் படத்தின் முன்கூட்டிய விமர்சனங்களை இப்போது எடுத்துப் படித்தால் வேடிக்கையாக இருக்கிறது. பாலைவனக் கிரகத்து அநாதை, ரகசியத்தைச் சுமக்கும் ரோபோ, கிரகங்களை அழிக்கும் ஆயுதம், அதற்கு ஒரு பலவீனமான இடம்: 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தையே திரும்ப எடுத்திருக்கிறார்கள் என்று பலரும் அப்போதே எழுதிவிட்டார்கள். நாங்கள் அதைப் பாராட்டாகப் படித்தோம். "பழைய மாதிரியே இருக்காம்டா!" என்று கொண்டாடினோம். ஆறு மாதம் கழித்து அதே வாக்கியத்தைத் திட்டுவதற்குப் பயன்படுத்தினோம்.

எங்கள் தலைமுறையை மட்டும் பிடித்த வியாதி என்று நினைக்க வேண்டாம். தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்தான் தொடரிலேயே சிறந்தது என்று இன்று கிட்டத்தட்ட எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். 1980இல் நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் வின்சென்ட் கேன்பிக்கு அது பிடிக்கவில்லை. அப்புறம் 1999, தி பேண்டம் மெனஸ். நான் அப்போது பள்ளிக்கூடத்தில், இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. பதினாறு வருடம் கழித்து வரும் படம். அதன் டிரெய்லருக்காக மீட் ஜோ பிளாக் என்ற படத்துக்கு முழுக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, டிரெய்லர் முடிந்ததும் எழுந்து போனார்கள். ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டர் வாசலில் வாரக்கணக்கில் வரிசையில் கிடந்தார்கள். அந்த நிலையில், வெளியீட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போதே டைம், நியூஸ்வீக் பத்திரிகைகளின் விமர்சனங்கள் வந்துவிட்டன, இரண்டுக்கும் படம் பெரிதாகப் பிடிக்கவில்லை. வாரக்கணக்கில் வெயிலில் கிடந்தவன் அதைப் படித்துவிட்டுப் பாயைச் சுருட்டுவானா? விமர்சகனுக்கு ஸ்டார் வார்ஸ் என்றைக்குப் புரிந்திருக்கிறது என்று கேட்டான். ராஜர் ஈபர்ட் என்ற பெரிய விமர்சகர் நான்குக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்திருந்தார், அவரைப் பிடித்துக்கொண்டான். முதல் நாள் வசூல் 2.85 கோடி டாலர். கோபம் பிறகுதான் வந்தது, வந்தபோது எல்லாமாகச் சேர்ந்து அந்தப் படத்தின் கோமாளிப் பாத்திரமான ஜார் ஜார் பிங்க்ஸின் தலையில் விழுந்தது. அந்த வேடத்தில் நடித்த அகமது பெஸ்ட், அப்போது தற்கொலை வரை யோசித்ததாக 2018இல் சொன்னார். அதே 2018இல், தி லாஸ்ட் ஜெடாயில் ரோஸாக நடித்த கெல்லி மேரி டிரான், வசவு தாங்காமல் இன்ஸ்டாகிராம் பதிவுகளை எல்லாம் நீக்கினார். ஏமாற்றம் எங்களுடையது, அடி வாங்கியது அவர்கள். இதை ரசிகனின் அன்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சரி, கடைசியாக 2019. தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர். டிசம்பர் 18, புதன்கிழமை, மதியம் ஒன்றரை. அலுவலகத்தில் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன். எண் ஐம்பதுகளில் தடுமாறுகிறது. அவசரம், நெரிசல், முந்தைய படத்தில் நடந்ததை எல்லாம் பயந்து பயந்து அழித்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். குழுவில் முதல் ஆளாக மாஸ்டர் வந்தான்.

"விமர்சகனுக்குப் பிடிக்கலையா? அப்ப டிக்கெட் போடு மச்சான்."

போன தடவை அவர்கள் பாராட்டியது நமக்குப் பிடிக்கவில்லை, எனவே இந்தத் தடவை அவர்கள் திட்டியது நமக்குப் பிடிக்கும். இணையம் முழுக்க அன்று இந்தத் தர்க்கம்தான் ஓடியது. முழுக்கப் பொய்யாகவும் ஆகவில்லை. அதே தளத்தில் பார்வையாளர் எண்பத்தாறு சதவீதம் கொடுத்தார்கள், விமர்சகர் ஐம்பத்தொன்றில் நின்றார்கள். சினிமாஸ்கோர் மட்டும் பி பிளஸ்ஸுக்கு இறங்கியது.

வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். பழைய படத்திலேயே செத்துப்போன வில்லன், பேரரசர் பால்படீன், உயிரோடு திரும்பியிருக்கிறார், எப்படி என்பதை ஓரிரு வரியில் முடித்துவிட்டார்கள். ரே ஊர் பேர் தெரியாதவர்களின் மகள் இல்லையாம், அவருடைய பேத்தியாம். மாஸ்டரின் பழைய கொள்கைகளில் ஒன்று கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன், திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இடைவேளையில் எழுந்து வரவில்லை.

படம் முடிந்து கார் நிறுத்தம் வரை பேசாமல் நடந்தோம். சாவியைத் தேடிக்கொண்டே கேட்டான்:

"காபி சாப்பிடலாமா?"