வகுப்பறையில் ஆங்கிலம், ஆசிரியர் அறையில் அரசியல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் இலக்கணச் சந்தேகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேலை செய்யும் இடத்துச் சங்கடங்கள். பழைய வட ஆர்க்காட்டுக்காரர்கள் ஆங்கிலம் படித்துவிட்டு வாத்தியார் வேலைக்குக் கடல் கடப்பது புதிதல்ல. எங்களுக்கு முந்திய தலைமுறையில் எத்தியோப்பியா, நைஜீரியா என்று போனார்கள்; நாங்கள் மாலத்தீவுக்கும் வளைகுடாவுக்கும் போனோம்; இன்றைய பிள்ளைகள் தாய்லாந்து, வியட்நாம் என்கிறார்கள். கடிதங்களை இரண்டு கட்டாகப் பிரித்து வைத்தேன். ஒப்பந்தத் தகராறு ஒரு கட்டு, மனிதர்களோடு தகராறு இன்னொரு கட்டு. எழுதியவர்களில் பலர் இவ்விரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள். சம்பளப் பாக்கி வருமென்று பிரின்சிபாலின் நல்ல மனதை நம்பிக் காத்திருக்கிறார்கள். சக ஆசிரியை முகம் சுளித்தால் அதற்குச் சட்டப்பிரிவு தேடுகிறார்கள்.

குடியாத்தம் வாசகி: மேடம், மாலத்தீவில் சின்னத் தீவு ஒன்றின் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். லீடிங் டீச்சர் (எங்களை மேற்பார்வை செய்யும் மூத்த ஆசிரியர்) என் பாடக்குறிப்பை வாரந்தோறும் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புகிறார். யார் லீவு போட்டாலும் அந்த வகுப்பு என் தலையில் விழுகிறது. பள்ளி விட்டால் பேச ஆளில்லை. பாதியில் வந்துவிடலாமா?

மூன்று பிரச்சினைகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். தனித்தனியாக எடுத்துக்கொள்வோம்.

பாடக்குறிப்பில் குறை உங்கள் ஆங்கிலத்தில் இருக்காது என்றே நினைக்கிறேன். நம் பி.எட். கல்லூரிகளில் ‘ஆசிரியர் பாடலை வாசிப்பார், அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறுவார்’ என்று எழுதித்தான் பழக்கம். அங்கே 2015 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டம், பாடம் முடியும்போது பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறது. ஆகவே ‘மாணவர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து, நேற்று மாலை செய்தவற்றை இறந்தகாலத்தில் ஐந்து வாக்கியங்களில் ஒருவருக்கொருவர் சொல்வார்கள்’ என்று எழுதிப் பாருங்கள். அடுத்த குறிப்பைக் கொடுப்பதற்கு முன்பே லீடிங் டீச்சரிடம் போய், ‘நீங்கள் திருத்தியதில் எதை முதலில் சரிசெய்யட்டும்?’ என்று கேளுங்கள். கேட்டுச் செய்கிறவரின் குறிப்பை அடித்துத் திருத்த யாருக்கும் அவ்வளவாக மனம் வராது.

பதிலி வகுப்புகளுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, எத்தனையாவது பீரியட், எந்த வகுப்பு, யாருக்குப் பதிலாக என்று நான்கு கட்டம் போதும். மாலத்தீவின் 2008ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரம் வழக்கமான வேலை. பள்ளி நேரம் அதைத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை. எனவே சட்டத்தைக் கையில் எடுத்தால் முதல் நாளே தோற்பீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போய், ‘மற்றவர்களுக்கு எத்தனை, எனக்கு எத்தனை?’ என்று பிரின்சிபாலிடம் தனியாகக் கேளுங்கள். ஆசிரியர் அறையில் எல்லார் முன்னிலையிலும் கேட்காதீர்கள். அத்தனை சின்ன ஊரில் பிரின்சிபாலின் மைத்துனியே உங்கள் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பார்.

தனிமைக்குத்தான் நீங்களே ஏதாவது செய்தாக வேண்டும். சாயங்காலமானால் ஊரே ‘ஜோலி’ என்னும் கயிற்று வலை இருக்கைகளில் வந்து உட்காரும். இரும்புச் சட்டத்தில் வலையைக் கட்டியிருப்பார்கள்; உட்கார்ந்தால் ஆள் பாதி உள்ளே போய்விடுவோம். நீங்களும் போய் உட்காருங்கள். அவர்கள் மொழியான திவேஹியில் பத்து வார்த்தை தப்பும் தவறுமாகப் பேசினால் போதும், காலை உணவுக்கு மாஸ் ஹுனி தட்டோடு யாராவது வீட்டுக்கே வந்துவிடுவார்கள். சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பிசைந்தது அது; நம் நாக்குக்கு ஒத்துவரும். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஊரோடு போனில் பேசிக்கொண்டே இருந்தால் மூன்று மாதத்தில் பைத்தியம் பிடிக்கும். ஓராண்டு முடித்தால் சம்பளத்தோடு 30 நாள் விடுப்பு உண்டு. விடுவதா தொடர்வதா என்பதை அந்த விடுப்பில் குடியாத்தத்தில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

மேல்விஷாரம் வாசகர்: அமீரகத்தில் தனியார் பள்ளி. சேர்ந்து நான்கு மாதம். பாஸ்போர்ட்டைப் ‘பத்திரமாக வைக்க’ வாங்கிக்கொண்டார்கள். வேறு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. விலகினால் விசா செலவைக் கட்டு என்கிறார்கள்.

இது முழுக்க முழுக்கக் காகித விவகாரம். இங்கே பணிவும் பயனில்லை, கோபமும் பயனில்லை.

பாஸ்போர்ட் உங்களுடையதே அல்ல. 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. அமீரகச் சட்டமும் அதை முதலாளி பிடித்து வைக்க அனுமதிப்பதில்லை. ‘வங்கி வேலைக்காகத் தேவைப்படுகிறது, இந்தத் தேதிக்குள் திருப்பித் தரவும்’ என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்குச் சாட்சி கிடையாது.

2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, தகுதிகாண் காலம் (புரொபேஷன்) ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் காலத்துக்குள் நாட்டிலேயே வேறு முதலாளியிடம் போவதானால் ஒரு மாத எழுத்துபூர்வ அறிவிப்பு தர வேண்டும். நாட்டைவிட்டே கிளம்புவதானால் 14 நாள். ஆள் சேர்த்த செலவைப் பழைய பள்ளி கேட்கலாம், ஆனால் அதைக் கொடுக்க வேண்டியது புதிய பள்ளி. உங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது. ஆகவே முதலில் புதிய பள்ளியிடம் ‘இந்தத் தொகையை ஏற்றுக்கொள்வீர்களா?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் மழுப்பினால் அந்த வேலையே சந்தேகம். அதன் பிறகு ராஜினாமா. பாஸ்போர்ட் வரவில்லையென்றால் அங்குள்ள மனிதவள அமைச்சகத்தில் புகார் செய்யலாம். நம் தூதரகத்துக்கு வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளம் வழியாக எழுதலாம்.

காட்பாடி வாசகி: வியட்நாமில் ஒரு பயிற்சி மையத்தில் இருக்கிறேன். ‘இந்திய உச்சரிப்பு வேண்டாம், வெள்ளைக்காரரைப் போடுங்கள்’ என்று பெற்றோர் கேட்டார்களாம். மேலாளர் அதை என்னிடமே சொன்னார். வகுப்பில் வாய் திறக்கவே கூச்சமாக இருக்கிறது.

அதை உங்களிடம் வந்து சொன்ன மேலாளருக்குத்தான் முதலில் பயிற்சி தேவை. இருக்கட்டும்.

இதில் நியாயம் எவ்வளவு, நிறவெறி எவ்வளவு என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள். உங்கள் வகுப்பைப் பத்து நிமிடம் போனில் பதிவு செய்து, இரவு தனியாகக் கேளுங்கள். நம் ஊர் நாக்குக்கென்று சில வழுக்கல்கள் உண்டு. எம்.ஏ. என்பதை ‘யெம் யே’ என்போம். ‘ஃபேன்’ அவசரத்தில் ‘பேன்’ ஆகிவிடும். மிருகக்காட்சிச் சாலையான ‘ஜூ’வின் முதல் ஒலிக்கும் ‘ஜூன்’ மாதத்தின் முதல் ஒலிக்கும் வித்தியாசம் காட்ட மாட்டோம். எல்லாவற்றையும்விட, நீளமான சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்பதில்தான் பெரிய கோளாறு: ‘டெவலப்’ என்பதில் நடு அசையை அழுத்த வேண்டிய இடத்தில் மூன்றையும் ஒரே கனத்தில் சொல்லிக்கொண்டு போவோம். வேகமாகவும் போவோம். வேகத்தைக் குறைத்து அழுத்தத்தைச் சரிசெய்தால் பெற்றோர் சொல்லும் குறையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அமெரிக்கர் போல மூக்கால் பேசப் பழக வேண்டாம். அது யாருக்கும் பொருந்தாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வியட்நாமியப் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லின் கடைசி மெய்யெழுத்தை விழுங்கிவிடுவார்கள். பன்மைக்கான ‘ஸ்’ ஒலியும் இறந்தகால ‘ட்’ ஒலியும் காணாமல் போகும். நமக்கோ நேர் எதிரான பழக்கம், ‘பஸ்ஸு’ என்று ஒரு உகரத்தையே சேர்க்கிறவர்கள். சொல்லின் கடைசி ஒலியைத் தெளிவாகக் காதில் போடுவது உங்களுக்குச் சுலபமாக வரும் (உகரத்தை மட்டும் வெட்டிவிடுங்கள்). வாரம் ஒரு நாள் சொல்லிறுதி ஒலிக்கென்றே கால்மணி நேரப் பயிற்சி வையுங்கள். ஒரே பிள்ளை முதல் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் வாசித்ததைப் பதிவு செய்து பெற்றோர் கூட்டத்தில் போட்டுக் காட்டுங்கள். அதைக் கேட்ட பிறகும் வெள்ளைத் தோல்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, உங்களுக்கும் வேண்டாம்.

ஆரணி வாசகர்: தாய்லாந்தில் சுற்றுலா அனுமதியில் வந்து பள்ளியில் சேர்ந்துவிட்டேன். பெர்மிட் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று ஏஜெண்ட் மாதக்கணக்காகச் சொல்கிறார். இதற்கிடையில் ஃபெயிலான மாணவர்களையும் பாஸ் போடச் சொல்கிறார்கள். மனசாட்சி உறுத்துகிறது.

தம்பி, மனசாட்சியைப் பிறகு பார்ப்போம், முதலில் உங்கள் நிலையைப் பாருங்கள். அங்கே வகுப்பெடுக்க வேலைக்கான ‘நான்-இமிகிரண்ட் பி’ விசா, தொழிலாளர் துறையின் வேலை பெர்மிட், ஆசிரியர் கவுன்சிலான குருசபாவின் உரிமமோ தற்காலிக அனுமதியோ ஆகியவை வேண்டும். பெர்மிட் இல்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல். பிடிபட்டால் அபராதம் கட்டப்போவது நீங்கள்; ஏஜெண்ட் போன் எடுக்க மாட்டார். விண்ணப்பித்த ரசீதின் நகலைப் பள்ளி அலுவலகத்திடம் நேரடியாகக் கேளுங்கள். ரசீதே இல்லையென்றால் வகுப்பெடுப்பதை நிறுத்திவிட்டு, அனுமதிக் காலம் முடிவதற்குள் ஊருக்குக் கிளம்புங்கள். முறையான விசாவோடு மறுபடி போகலாம்.

பாஸ் போடும் விஷயம்: பல பள்ளிகளில் அது எழுதப்படாத வழக்கம். மறுதேர்வு, கூடுதல் பயிற்சித்தாள் என்று ஏதாவது ஒன்றைச் செய்யவைத்து, அதற்கான மதிப்பெண்ணைப் போடுங்கள். பலர் முன்னிலையில் தலைமையாசிரியரை மறுத்துப் பேசினால் அங்கே அது தீராத அவமானமாகிவிடும்.

திருப்பத்தூர் வாசகர்: என் மகன் பி.காம். கொரியாவில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு வேலூரில் ஒருவர் 2 லட்சம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். கொரியாவின் இ-2 ஆசிரியர் விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கானது. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தால் நமக்கும் ஒரு சிறு வாசல் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் இருப்பவர்களுக்கு, பள்ளிகளில் துணை ஆசிரியராக மட்டுமே. பி.காமுக்கு அந்த வாசல் திறக்காது. எந்த ஏஜெண்டாக இருந்தாலும் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம், ரசீதோடு. சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978இலிருந்து இருக்கிறது. காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரம். அங்கே ஒரு தடவை போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.

வாணியம்பாடி வாசகி: ஓமானில் ஆசிரியையாக இருக்கும் மகள் தினமும் வீடியோ அழைப்பில் அழுகிறாள். திரும்ப வரச் சொல்லலாமா அம்மா?

அவளிடம் நான்கு கேள்வி கேளுங்கள். சம்பளம் தேதிக்கு வருகிறதா? பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா? சாப்பாடும் தூக்கமும் சரியாக இருக்கின்றனவா? யாராவது பயமுறுத்துகிறார்களா, அத்துமீறுகிறார்களா? கடைசிக் கேள்விக்கு ஆமென்றால் அடுத்த விமானத்தில் வரச் சொல்லுங்கள். ‘போன வேகத்தில் வந்துவிட்டாளே’ என்று தெருவில் பேசுவதைக் காதில் வாங்காதீர்கள். மற்ற மூன்றும் ஒழுங்காக இருந்து அழுகை மட்டும் என்றால், அது முதல் பருவத்து அழுகை. நானும் ஓமானில் அழுதவள்தான், பெரும்பாலும் வியாழக்கிழமை மாலைகளில், வார விடுமுறை தொடங்கும்போது. ‘வந்துவிடு’ என்று நீங்கள் தினமும் சொன்னால் அவளால் அங்கே வேர்விட முடியாது. அழைப்பை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி, அழுது முடித்ததும் அன்று வகுப்பில் என்ன நடத்தினாள் என்று கேளுங்கள்.

அரக்கோணம் வாசகர்: குவைத் பள்ளியில் ஏழாம் வகுப்பு. பையன்கள் அடங்க மறுக்கிறார்கள். நம் ஊர்ப் பாணியில் தோளில் தட்டி உட்கார வைத்ததற்குப் பெற்றோர் புகார் கொடுத்துவிட்டார்கள்.

இனி தொடாதீர்கள், செல்லமாகக்கூட. நடந்ததை அன்றே அரைப் பக்கத்தில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் தரப்பு அவருக்கு உங்கள் வாய் வழியாகவே முதலில் போக வேண்டும். அடங்காத மூன்று பேருக்கு வகுப்பில் ஏதாவது பொறுப்புக் கொடுங்கள். கத்த வேண்டாம், கத்துவதை இப்போது போனில் படம்பிடிக்கிறார்கள்.

ஆம்பூர் வாசகி: துபாயில் மாலையில் டியூஷன் எடுக்கலாமா? பள்ளியில் யாருக்கும் தெரியாது.

தெரியாமல் எடுத்தால் சட்டவிரோதம். 2023 டிசம்பரிலிருந்து தனிப்பட்ட முறையில் பாடம் சொல்லிக் கொடுக்க அமீரகத்தில் தனி அனுமதி தருகிறார்கள். இரண்டு ஆண்டுக்குச் செல்லும், கட்டணம் இல்லை. பணியில் இருக்கும் ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். இலவசமாகக் கிடைப்பதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக எடுங்கள். ஒன்று மட்டும்: உங்கள் வகுப்புப் பிள்ளைகளையே டியூஷனில் சேர்க்காதீர்கள், மதிப்பெண் நாளில் வம்பு வரும்.